பல் ஆஸ்பத்திரியில் சொன்ன ஆமாம்

அடிபட்டு வரும் பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் இல்லம் எங்களுடையது. வாசலில் பலகை கிடையாது. மளிகைச் சாமான் இரண்டு தெரு தள்ளித்தான் வந்து இறங்கும். நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வருவோம். ஜன்னலோரம் நின்று போட்டோ எடுத்த ஒருத்தியின் போனைப் பிடுங்கி, படத்தை அழித்து, அரை மணி நேரம் திட்டித் தீர்த்திருக்கிறேன். விலாசம் விஷயத்தில் நான் அவ்வளவு கறார். அதனால்தான் இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை சிட்டுவுக்குப் பல்வலி. எட்டு வயது, சிட்டு என்பது நாங்கள் வைத்த பேர். மூன்று மாதத்துக்கு முன்னால் அம்மாவோடு வந்தபோது கட்டிலுக்கு அடியில்தான் தூங்குவாள். இப்போது மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி என்னிடம் வசவு வாங்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். வரும் திங்கட்கிழமை புதுப் பள்ளிக்கூடம். புத்தகங்களைப் பையில் அடுக்குவதும் எடுப்பதும் மறுபடி அடுக்குவதுமாக வீட்டையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள்.

அம்மாவையும் மகளையும் பக்கத்துத் தெருப் பல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். வரவேற்பில் இருந்த பெண் சிட்டுவின் நிஜப் பேரையும் பிறந்த தேதியையும் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"எங்க இன்னொரு கிளையில ஏற்கெனவே காட்டியிருக்கீங்களே. போன் நம்பர் கடைசியில நாப்பத்தேழுதானே?"

எங்களிடம் சேரும் பெண்களுக்கு நாங்களே புது நம்பர் வாங்கித் தருவோம். எல்லாம் வரிசையாக நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்றுதான் முடியும். இதுவும் அதில் ஒன்று என்ற நினைப்பு எனக்கு. போதாக்குறைக்குச் சிட்டு வலி தாங்காமல் என் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமாம்" என்றேன். சிட்டுவின் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்க வியாழன் காலையில் போன் செய்தேன்.

"பாப்பாவோட அப்பா நேத்தே கூப்பிட்டுட்டாருங்க" என்றாள் அந்தப் பெண். "நாங்க அனுப்பின மெசேஜ் பாத்தாராம். நாளைக்கு அவரே வர்றாராம். ரொம்ப அக்கறையாப் பேசினாரு."

ஆடிப்போய்விட்டேன். நாற்பத்தேழு அவனுடைய நம்பர். அக்கறையாம். அவன் அக்கறையில்தான் சிட்டுவின் அம்மாவுக்கு விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

இல்லத்து டைரக்டரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "இன்னைக்கே வேற ஊர் இல்லத்துக்கு அனுப்பிடுங்க" என்றார். எங்கள் விதி அதுதான். அடித்தவன் தன் வீட்டில் கால் நீட்டித் தூங்குவான். அடி வாங்கியவர்கள்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓட வேண்டும். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இந்தத் தடவை அவனை மட்டும் திட்டி ஆற முடியவில்லை.

அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிட்டுவின் அம்மா ஒன்றும் கேட்காமல் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப திங்கக்கிழமை?" என்றாள் சிட்டு. அவள் அம்மா அந்தப் புத்தகப் பையையும் எடுத்து மூட்டையோடு வைத்தாள்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் குணம் விடவில்லை.

"நம்பரை அந்தப் பொண்ணு சத்தமாத்தானே சொன்னா? உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுதுக்கா."

"அது அவன் நம்பர்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

குரல் ஏறிவிட்டது. அவள் சட்டென்று சிட்டுவை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். என்னிடமிருந்து காப்பாற்ற. 

"நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி. "அதுக்கப்புறம் நான் எப்படிக்கா இல்லன்னு சொல்றது?"

கீழே வந்து இடமாற்றப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில், பழைய நம்பரைச் சரிபார்க்காமல் ஆமாம் சொன்னது நான்தான் என்று எழுதினேன். போகிறவர்கள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் இரண்டு முறை படித்தாள். வெளியே வண்டி வந்து நின்றது.

"இதை அடிச்சிடுங்கக்கா. நான் சொல்லாம விட்டுட்டேன்னு எழுதுங்க."

"நடந்ததைத்தாம்மா எழுதியிருக்கேன். தப்பு என்னோடது. போடு."

"இல்ல. போட மாட்டேன்."

பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். அதுவும், என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வதற்காக.