என் ரத்தம் செய்த குற்றம்

எண்பத்தொன்பதில் எங்கள் ஓசூர் கம்பெனிக்குப் பெருநோய் என்கிற தொழுநோயை ஆராயும் டாக்டர்கள் வந்தார்கள். நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் வேண்டுமாம். அரை நாள் லீவு என்றதும் நானும் என் வீட்டுக்காரர் திம்மராயனும் கையை நீட்டினோம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நோய்க்கிருமியின் புரதம் ஒன்றை வேறொரு கிருமிக்குள் வளர்த்தெடுத்து, எங்கள் ரத்த அணுக்களோடு சேர்த்துப் பார்த்தார்களாம். என்னுடையவை பொங்கி எழுந்தனவாம். "கிருமி உங்கிட்ட வந்திருக்கும்மா, உன் ஒடம்பு அத அடக்கிடுச்சு. உனக்கு நோய் இல்ல" என்றார் டாக்டரம்மா ஜோதியம்மாள். என் வீட்டுக்காரர் ரத்தத்தில் அசைவே இல்லை. கிருமியையே பார்க்காதவர்களுக்கும் அப்படி இருக்கும், நோய் முற்றுகிறவர்களில் சிலருக்கும் அப்படி இருக்கும், எதற்கும் அவர் வந்து உடம்பைக் காட்டட்டும் என்றார்.

வீட்டில் யார் முழுசாகக் கேட்டார்கள்? அவர் ரத்தம் சுத்தம், என் ரத்தத்தில் கிருமி, அவ்வளவுதான். கெலமங்கலத்திலிருந்து வந்திருந்த மாமியார் மாரம்மா அன்றைக்கே என் தட்டைத் தனியாக வைத்தாள். என் மகளைத் தன் பாயில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். சோறெல்லாம் சிவப்பு. உள்ளங்கையில், கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் இரும்புப் பிசிறு ஒன்று ஆழமாகக் குத்தி நின்றது. நான் பிடுங்கினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை மனுஷன். எப்போது குத்தியது என்றே அவருக்குத் தெரியவில்லை. பெருநோய் வந்தால் முதலில் தோலில் உணர்ச்சிதான் சாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

டாக்டரிடம் போகலாம் என்று மூன்று நாள் கெஞ்சினேன். நோவு உனக்கு, நான் எதுக்கு வரணும் என்று சட்டையை உதறிக்கொண்டு போனார். விட்டால் அந்த விரல்கள் போய்விடும். நோய் அவருக்குத்தான் என்று உண்மையைக் கத்தினால் மாரம்மா என் மேல் பாய்வாள், மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

நாலாம் நாள் காலையில் மாமியார் காதிலும் விழும்படி அவரிடம் சொன்னேன்.

"ஆமாங்க, எனக்குத்தான் பெருநோய். புருசனையும் கூட்டிட்டு வந்தாத்தான் மருந்து குடுப்பாங்களாம். என்னைத் தனியா விட்றாதீங்க."

அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. சட்டையை மாட்டினார். மாரம்மா என் தட்டையும் பாயையும் தெருவில் வீசினாள். மகள் அழுதாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நின்றால் அவர் மனம் மாறிவிடுவார்.