பெட்டிதான் முதலில்

எங்கள் அறையில் பாட்டுப் பதிய ஒரு வரிசை இருந்தது. முதலில் என் ஆர்மோனியப் பெட்டி, அடுத்து மாடசாமியின் டோலக், கடைசியில் காஜா மொய்தீனின் குரல். இரண்டு டேப்ரிக்கார்டர்கள். பழையது பாடும், பதியாது. புதியதில் பதிந்த பெட்டியைப் பழையதில் ஓடவிட்டு, மாடசாமி கூடவே வாசிக்க, இரண்டையும் சேர்த்துப் புதியதில் வேறு கேசட்டில் பிடிப்போம். குரலையும் அப்படியே.

கிருஷ்ணகிரி கேசட் கடை ராஜப்பன் தன் கச்சேரிக் குழுவுக்குப் பெட்டி வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கம்பெனி நைட் ஷிஃப்டை விட்டு நான்கு மாதமாகச் சும்மா கிடந்த எனக்கு அந்த இடம் வேண்டும்.

வியாழன் காலை, காஜா நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். என் பெட்டியின் துருத்தி கிழிந்து, ஒட்டக் கொடுத்திருந்தேன். மதியம்தான் கிடைக்கும்.

"பெட்டி வரட்டும் காஜா."

"அது வர்ற நேரத்துக்கு நான் எங்க ஊரு பாரூர்ல பிரியாணி துன்னுட்டிருப்பேன். தங்கச்சி அதியாவைப் பொண்ணு பாக்க வராங்கப்பா. இப்பவே பாடிட்றேன், நீங்க அப்புறமா ஒட்டிக்கங்க."

சுருதிக் குழலை ஊதி ஐந்து கட்டை சுருதி கொடுத்தேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றபடியே பாடினான். பத்து மணி பஸ்ஸுக்கு ஓடினான்.

மாலை நான்கு மணிக்கு மாடசாமி ஷிஃப்ட் முடிந்து வந்தான். கோவில்பட்டிக்காரன். பழைய மெஷினில் குரலைக் கேட்டதும் சிரித்தான்.

"என்னடே, தொண்டைல சாக்கைக் கட்டிக்கிட்டுப் பாடுனானா?"

"ராத்திரி பூரா முழிச்சவன்," என்றேன்.

டோலக் சேர்ந்தது. அந்தக் கேசட்டைப் பழையதில் போட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து கட்டையில் சேரவில்லை. நாலரையில் வைத்தால் குரல் கீழே நின்றது. நாலில் வைத்தால் மேலே.

"பழைய மெஷின் மெதுவா ஓடுதுடே," என்றான் மாடசாமி. "ஒவ்வொரு தடவையும் சுருதி இறங்குது."

எப்போதும் இறங்கித்தான் இருக்கிறது. பெட்டி முதலில் பதிந்ததால் தெரியவில்லை. காதில் விழுந்த சுருதிக்குக் காஜா பாடிவிடுவான், மாடசாமி டோலக் கயிற்றைத் தளர்த்திக்கொள்வான். பெட்டியை அப்படி வளைக்க முடியாது.

இருந்தும் ஒருமுறை வாசித்துப் பதிந்தேன். கேட்கப் பல் கூசியது.

"பெட்டி சேராத கேசட்டையே கொண்டு போடே," என்றான் மாடசாமி.

"அப்ப நான் எதுக்குப் போறேன்?"

அவன் டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை, குரலும் டோலக்கும் மட்டும் இருந்த கேசட்டை எடுத்துக்கொண்டு ராஜப்பன் கடைக்குப் போனேன். பஸ்ஸில் தூக்கிப்போக அலுப்பாக இருந்தது. பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டேன். ராஜப்பன் இரண்டு முறை கேட்டார்.

"கொரலு நல்லா கனமா இருக்குதே. டோலக்கும் சுத்தம். ரெண்டு பேரையும் கூட்டியாங்க. பெட்டி எங்க?"

"பதியலைங்க. நான்தான் வாசிப்பேன்."

"கேசட்ல இல்லியேப்பா. கையிலயும் இல்ல. ஞாயித்துக்கெழம கச்சேரி வெச்சுக்கிட்டு நான் யாரத் தேடறது? காவேரிப்பட்டணத்துல ஒருத்தர் இருக்காரு, அவரே வரட்டும்."

மேசையிலிருந்த பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"கம்பெனி ஆளுங்கதானே, அவங்களுக்கு எந்த ஷிஃப்டு? எழுதிக் குடுங்க."

இரண்டு பேருடைய ஷிஃப்ட் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன்.