தும்பாங்

விடியற்காலை ஐந்தரை. ஜன்னல் கம்பிகளில் பனி சொட்டியது. வேலாயி அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணைத் துடைத்து, நனைந்த விரிப்பை உருவினேன். ஒன்பது கட்டிலுக்கும் இதே வேலை. இடுப்பு விட்டுப்போகிறது. இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக நான் ஆயா.

கொழுந்து லோரி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவள் வேலாயி.

"சீதா, திங்கக்கிழமை எங்கள எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க?"

இந்த வினையே என்னால் வந்தது. போன மாதம் புது மேனேஜர் மகேன் நிரப்பித் தரச்சொல்லி ஒரு பாரம் கொடுத்தான். நோயாளிகள் எந்த முறையில் இங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கட்டம். மலாய் கலந்த நம் பேச்சில் ஓரிடத்தில் தங்கினாலே 'தும்பாங்'தானே? ஒன்பது பேருக்கும் அதையே எழுதினேன். தும்பாங் என்றால் அடுத்தவர் இடத்தில் ஒண்டியிருப்பது, அப்படிப்பட்டவர்களுக்குத் தோட்டம் பொறுப்பில்லை, திங்கட்கிழமை காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டான். ஆஸ்பத்திரி இனிச் சுற்றுலாக்காரர்களுக்கு டீக்கடையாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"நான் வந்தன்னிக்கு ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி என்னமோ எழுதி, என்கிட்ட கைநாட்டு வாங்குனாரு. அதத் தேடிப் பாரேன்," என்றாள் வேலாயி.

பதிவேட்டு அறைக்கு ஓடினேன். ஐம்பது வருஷத்துப் பேரேடுகள், பூஞ்சணம் பிடித்து மூச்சை அடைத்தன. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஏட்டில் கிடைத்தது: 'வேலாயி. கொழுந்து எடுப்பவர். வேலையில் விபத்து. ஆயுள்வரை தோட்டத்தின் பொறுப்பு.' கீழே பழைய மேனேஜர் துரையின் கையெழுத்து. மற்ற எட்டுப் பேருக்கும் அவரவர் வருஷத்து ஏட்டில் அப்படியே இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்றிருந்த தொழிற்சங்கத் தலைவர் ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

ஏழு மணிக்கு மகேன் லோரியோடு வந்து, லோரி ஆட்களுக்குப் பதிவேட்டு அறையைக் காட்டினான்.

"அந்தக் குப்பைய ஏத்துங்க. எரிக்கணும்."

"குப்பை இல்ல துரை. தோட்டம் போட்ட கையெழுத்து."

"தும்பாங்னு எழுதுனது நீங்கதானே?"

"நான்தான். தப்பு. மாத்தி எழுதித் தரேன்."

"வேலை போயிடும் லா."

"போகட்டும்."

பயம்தான்; அதைவிட ஆத்திரம். அதற்குள் ஜெகதீஸ்வரனும், கொழுந்துக் கூடையோடும் கத்தரியோடும் தோட்டத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். யாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. வங்காளதேசத்து ரிதுவான் ஏடுகளின் முதல் கட்டைத் தோளில் ஏற்றினான். பிறகு ஆளுக்கொரு ஏடு.

"எங்க கொண்டுபோறீங்க? கம்பெனி சொத்து அது," மகேன் வழிமறித்தான்.

"பத்திரமா இருக்கும், துரை. லேபர் ஆபிஸர் வர்ற வரைக்கும் எங்க லைன் வீட்டுல தும்பாங்," என்றார் ஜெகதீஸ்வரன்.

நோட்டீஸ் இன்னும் சுவரில்தான் இருந்தது. மகேன் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைப் பெரட்டு ஆஸ்பத்திரி வாசலில் என்று ஆட்கள் முடிவு செய்தார்கள். அதை வேலாயியிடம் சொன்னேன்.

"அப்போ என் பேரையும் கூப்பிடச் சொல்லு," என்றாள்.