தெற்கே நூற்றிருபது நடை

வேதா மாமி தெய்வத்திடம் எதை வேண்டிக்கொண்டாலும், அதை நிறைவேற்றக் கணவர் தோத்தாத்ரியின் உடம்புதான் போகும். மகள் மிருதுளா பிளஸ் டூவில் கணக்கில் தேறியதற்கு அவருடைய தலைமுடி போயிற்று. புது வீட்டு போர் குழாயில் தண்ணீர் வந்ததற்கு நாற்பது நாள் காப்பி போயிற்று. அஸ்தினாபுரத்தில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். நேர்ந்துகொள்பவள் மனைவி, நேர்ந்துவிடப்படுபவன் கணவன்.

2007ஆம் வருஷம் மகன் கேஷவின் அமெரிக்க விசாவுக்காக மாமி கைவைத்தது கணவரின் கால்களில். சிங்கப்பெருமாள் கோயில் நரசிம்மர் சன்னிதியில் கண்ணை மூடிக்கொண்டு, “என் பிள்ளைக்கு விசா கிடைச்சா இவர் ஆத்துலேர்ந்து நடந்தே வந்து உன்னைச் சேவிப்பார்” என்று சொல்லிவிட்டாள். ‘இவர்’ அந்த நேரம் வெளியே புளியோதரை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

தோத்தாத்ரி தொலைபேசித் துறையில் முப்பத்துநான்கு வருஷம் கம்பம் நட்டவர். திட்டமில்லாமல் தும்மக்கூட மாட்டார். அஸ்தினாபுரத்திலிருந்து கோயிலுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பெருமாள். வேறு யாராவது என்றால் ஒரே நாளில் நடந்து, மறுநாள் முனகியிருப்பார்கள். இவர் ஐந்து நாள் போட்டார். முதல் இரவு தாம்பரம், பிறகு வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, கடைசியில் கோயில் வாசல். ஐந்து ஊரிலும் ஏசி அறை, வெந்நீர், மேற்கத்திய கழிப்பறை. எல்லாவற்றுக்கும் போன் போட்டு முன்பதிவு. நேர்காணல் முடிந்த மூன்றாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், நான்காம் நாள் புறப்பாடு.

ஆனால் தூதரகத்தில் கேஷவின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ‘மேலும் பரிசீலனை’ என்று ஒரு மஞ்சள் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜூன் முதல் தேதி அவன் அங்கே வேலையில் சேர வேண்டும். தவறினால் வேலை இல்லை. அந்தக் கவலையில் வீட்டில் தளிகைச் சாப்பாடுகூட வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைத்தது.

“ஏன்னா, இன்னும் விசாவே வரலையே. நான் வேண்டிண்டது என்னன்னா...” என்று மாமி ஆரம்பித்தாள்.

“ரூம் போட்டாச்சு” என்றார் தோத்தாத்ரி. “வைகாசி, முகூர்த்த மாசம். இந்தத் தேதியை விட்டா ஆடி வரைக்கும் ஒரு லாட்ஜிலும் எலிக்குக்கூட இடம் கிடையாது. நான் நடக்க நடக்க அங்கே பாஸ்போர்ட் நகரும், பாரேன்.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார். ஒவ்வொரு அடிக்கும் பாஸ்போர்ட் ஒரு மேஜை தாண்டுவதாக அவருக்குக் கணக்கு.

முதல் நாள் ராஜகீழ்ப்பாக்கம் வழியாகத் தாம்பரம். பக்கத்திலேயே, சாமான் ஏற்றிக்கொள்ள அமர்த்திய சிட்டிபாபுவின் ஆட்டோ ஊர்ந்து வந்தது. அதில் மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, ஃபிளாஸ்க், டர்க்கி டவல் ஆறு, வெள்ளரிக்காய் ஒரு மூட்டை, ஒரு டேபிள் ஃபேன். காசியிலிருந்து ராமேஸ்வரம் வரை நடந்தவர்கள்கூட இதில் கால்வாசி எடுத்துப்போயிருக்க மாட்டார்கள்.

“இன்னா சார், இந்த ஸ்பீடுல ஓட்டினா வண்டி தூங்கிடும் சார்” என்றான் சிட்டிபாபு. “பின்னாடி லாரிக்காரன் திட்டினுகீறான். நீயும் ஏறிக்கோ, ஒரே அமுக்கு, கோயில் வந்துடும்.”

“பாதயாத்திரைப்பா இது.”

“பாதம் உன்துதான் சார், பேஜாரு என்துல்ல!”

அன்று காலை எட்டு மணிக்கே தாம்பரம் லாட்ஜின் மாடியில் ஏறி நின்றபோது, சொந்த வீட்டுக் கொடியில் தன் வேட்டி காய்வது தெரிந்ததாக அவர் பிற்பாடு சொன்னார். ஆட்டோவில் போய் நம் வீட்டிலேயே படுத்துவிட்டு வரலாமே என்று மாமி கேட்டதற்கு, யாத்திரை புறப்பட்டவன் வாசல் திரும்பக் கூடாது என்று சாஸ்திரம் சொல்லி, ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு உறங்கினார்.

மாமி நடக்கவில்லை. அவள் நடப்பதாக வேண்டிக்கொள்ளவில்லையே! தினமும் மின்சார ரயிலில் முன்னால் போய், அறையைப் பார்த்து, பக்கெட்டில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு, அவர் காலுக்காகக் காத்திருப்பாள்.

மூன்றாம் நாள்தான் வினை. வண்டலூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர், ஊரப்பாக்கம் வருவதற்குள் மூன்று முறை நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. வெயில் ஏறியது. மோர் குடிப்பதற்காக ஆட்டோவில் ஏறினார். மோர் குடிப்பதற்காக மட்டும். வண்டி நகர்ந்தது. அவர் மோரில் கவனமாக இருந்தார். டம்ளர் காலியாகி நிமிர்ந்து பார்த்தால் எதிரே கூடுவாஞ்சேரி லாட்ஜ். மூன்று கிலோமீட்டர் நீள மோர்.

வரவேற்பில் மானேஜர் ஜெபசீலன், திருநெல்வேலிக்காரர், சாவியை எடுப்பதற்குள் ரயில் நிலையத்திலிருந்து மாமி கைப்பையோடு வந்து சேர்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வண்டலூர்ல நீங்க புறப்பட்டப்புறம் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் நான் ரயில் ஏறினேன். ஆனாலும் உங்க நடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகணுமே. எப்படி எனக்கு முன்னாடி வந்தேள்?”

தோத்தாத்ரிக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை, இந்தப் பொய்க்கு அவர் திட்டம் போட்டிருக்கவில்லை. “மோர்...” என்றார்.

மாமி சோபாவில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அங்கே என் குழந்தை பாஸ்போர்ட் மாட்டிண்டு நிக்கறது. இவர் மோர் குடிச்சிண்டே சவாரி வரார்.”

அது அவரைச் சுட்டது. மூன்று கிலோமீட்டர் குறைந்ததால் பாஸ்போர்ட் எந்த மேஜையில் நின்றுபோயிருக்குமோ என்று கவலைப்பட்டார். ஊரப்பாக்கத்துக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. மாடி வராந்தாவைப் பார்த்தார். தெற்கு வடக்காக, நிழலாக, டைல்ஸ் போட்டுக் கிடந்தது. அடியால் அளந்தார். இருபத்தைந்து மீட்டர். மூவாயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் நூற்றிருபது நடை.

“தூரம் தூரம்தானே? எங்கே நடந்தா என்ன?” என்று ஆரம்பித்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு நூற்றிருபதை முடித்து, மேல்மூச்சு வாங்க அறை வாசலில் வந்து விழுந்தார்.

மாமி பத்திரிகையை மடித்தாள். “தெற்கே எத்தனை நடை?”

“அறுபது.”

“வடக்கே?”

“அறுபது.”

“பெருமாள் தெற்கேன்னா இருக்கார்? அவரைப் பார்க்க அறுபது, அவருக்கு முதுகைக் காட்டிண்டு அறுபது. கூட்டிக் கழிச்சா நீங்க ஊரப்பாக்கத்துலேர்ந்து ஓரடிகூட நகரலை.”

முப்பத்துநான்கு வருஷம் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் தூரம் அளந்தவருக்கு இந்தக் கணக்கில் ஓட்டை கிடைக்கவில்லை. பிறகு கீழே போய், ஜெபசீலனின் சக்கர நாற்காலியை, அவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நாற்காலியையே, இரவல் கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவாஞ்சேரி அதுவரை காணாத உற்சவம் ஒன்று நடந்தது. தெற்கே தோத்தாத்ரி காலால் நடப்பார். கோடியில் நாற்காலி காத்திருக்கும். உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கிக்கொள்வார். சிட்டிபாபு வடக்கே தள்ளிக்கொண்டு போய் இறக்கிவிடுவான். மறுபடி நடை.

“ஒண்ணு!” என்று எண்ணினான் சிட்டிபாபு. “சார், இதுக்கு மீட்டர் போடுறதா, எப்டி?”

லாட்ஜில் இறங்கியிருந்த கல்யாணக் கூட்டம் முழுக்க வராந்தாவுக்கு வந்துவிட்டது. ஏதோ பெரிய விரதம் என்று கூட்டத்தில் ஒரு பெண்மணி நாற்காலிக்கு மஞ்சள் குங்குமம் இட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா தோத்தாத்ரியின் காலில் விழுந்தார். நாதஸ்வரக்காரர் வடக்கே போகும்போது ஒரு ராகமும் தெற்கே வரும்போது ஒரு ராகமுமாக வாசித்தார்.

ஜெபசீலன் மூச்சிரைக்க ஏறி வந்தார். “சார், நூத்திநாலுல இருக்கவங்க தூங்க முடியலைன்னு சொல்லுதாங்க. என் நாற்காலியும் ஒரு சக்கரம் கழண்டு கெடக்கு. எப்போ முடியும்?”

“எண்பத்திரண்டு ஆச்சு. இன்னும் முப்பத்தெட்டு” என்றார் தோத்தாத்ரி, வடக்கே உருண்டபடி.

அப்போதுதான் மாமியின் செல்போன் ஒலித்தது. கேட்டவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். “கேஷவ்! பாஸ்போர்ட் வந்துடுத்தாம்! விசா குத்தியிருக்காம்! இப்பதான் கூரியர் கொடுத்துட்டுப் போறானாம்!”

நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கண்ணைக் காட்டினார். தோத்தாத்ரி மூன்று சக்கர நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “சொன்னேனோ இல்லையோ? என் கால்! எண்பத்திரண்டு நடையிலேயே பலிச்சுடுத்து! சிட்டிபாபு, மீதி முப்பத்தெட்டு தள்ளுபடி. நாளைக்குப் பொத்தேரி, நாளன்னிக்குக் கோயில், முடிஞ்சுது.”

“முடியலை” என்றாள் மாமி.

கண்ணீரும் சிரிப்புமாக இருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. “புறப்படறச்சயே சொல்ல வந்தேன், ரூம் போட்டாச்சுன்னேள். விசா கிடைச்சா நடந்து வருவார்னுதான் நான் வேண்டிண்டேன். நடந்தா குடுன்னு வேண்டிக்கலை. விசா இப்பதானே கிடைச்சுது? அப்போ மூணு நாளா நீங்க நடந்ததெல்லாம் சும்மா காத்தாட நடந்தது. வேண்டுதல் இனிமேதான். ஆத்து வாசல்லேர்ந்து.”

சிட்டிபாபு மெதுவாகக் கேட்டான்: “மறுபடி மொதல்லேர்ந்தா அக்கா? வண்டியோடவா?”

தோத்தாத்ரி நாற்காலியை ஜெபசீலனிடம் தள்ளிவிட்டார். தந்தது பெருமாள், எதற்காகத் தந்தார் என்பதில் பேரம் பேச அவருக்குத் துணிவில்லை. பையன் நிம்மதியாகப் பிளேன் ஏற வேண்டும். சாயங்கால மின்சார ரயிலில் இருவரும் திரும்பினார்கள். மூன்று நாள் யாத்திரை ஜன்னலில் இருபத்தைந்து நிமிஷத்தில் பின்னால் ஓடி மறைந்தது. வண்டலூர் தாண்டியதும் அவர் சட்டைப்பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார்.

“என்ன எழுதறேள்?”

“பழைய திட்டத்துல ஒரு பிசகு. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் ஒரே நாள்னா மனுஷனால ஆகாது. நடுவிலே ஊரப்பாக்கத்துல ஒரு ராத்திரி சேர்த்துடறேன்.”

மாமி தாளை வாங்கிப் பார்த்தாள். ஆறு இரவு. பேனாவையும் வாங்கி, ஊரப்பாக்கத்துக்கு எதிரே ‘ஏசி வேண்டாம்’ என்று எழுதினாள்.