பாய்க்குள் யார்?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. கொசுவை விரட்டிக்கொண்டே கேட்கலாம். நம் சவாயித் தீவில் ஒருத்தியின் கால் ஒடிந்ததையும், அதற்காக யார் யாரோ மண்டியிட்டதையும் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். லோசாவே சிரித்தவள்தான்.

"நீ உள்ளேயே இரு. வெளியே தலையக் காட்டாத" என்றார் துயலாமு.

விடிய இன்னும் நேரமிருந்தது. லோசா மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டியபடி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். நாலாபுறமும் தூண்கள் மட்டுமே நிற்கிற வீட்டில் உள்ளே எது, வெளியே எது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"எதுக்குண்ணே?"

"லெவாசா குடும்பம் மன்னிப்பு கேக்க வருது. இது பெரியவங்க காரியம்."

"கால் ஒடிஞ்சது எனக்கில்லையா?"

"அதான் சொல்றேன், காலுக்கு ஓய்வு குடு."

துயலாமு அந்தக் குடும்பத்தின் தலைவர். தங்கையின் கால், தங்கையின் கண்ணீர், தங்கைக்கு வரும் மன்னிப்பு எல்லாமே அவர் பொறுப்பில்தான் இருந்தன. வலியை மட்டும் அவளிடமே விட்டுவைத்திருந்தார்.

அண்ணி செலினா ஒரு கூடைத் தேங்காயைக் கொண்டுவந்து லோசாவின் பக்கத்தில் வைத்தாள்.

"கால்தானே முடியல, கைக்கு என்ன? விருந்துக்குப் பால் பிழியணும். துருவிக் குடு கண்ணு."

"என்கிட்ட மன்னிப்பு கேக்க வர்றவங்களுக்கு நானே சமைக்கணுமா அண்ணி?"

"பின்ன யார் சமைப்பா? வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பினா ஊரு என்ன பேசும்?"

லோசா துருவினாள். கை துருவிக்கொண்டிருக்க, மனம் அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்துக்குப் போயிற்று. கடலோரத்தில் பிடித்த மீனைக் கோத்துக்கொண்டு சாலை ஓரமாகத்தான் வந்தாள். லெவாசாவின் தம்பி மகன் செமீசி குடித்துவிட்டு வண்டியை ஏற்றினான். ஏற்றியவன் நிறுத்தினான். திரும்பிப் பார்த்தான். அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் போய்விட்டான்.

கால் சேர்ந்துவிடும் என்று வைத்தியர் சொன்னார். அந்தத் திரும்பிப் பார்த்த முகம்தான் அவளைத் தூங்க விடவில்லை. செமீசி சிறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவன் சிறையில் உட்கார்ந்தால் அவள் சேம்புத் தோட்டத்தில் களை எடுப்பது யார்? ஏன் போனான் என்று அவன் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்தபோது முற்றத்தில் ஒரு மேடு இருந்தது. அதன்மேல் குலப்பாய் போர்த்தியிருந்தது. தாழை ஓலையை நூலாகக் கிழித்து மாதக்கணக்கில் பின்னி, ஓரத்தில் சிவப்புச் சிறகு தைத்த பாய். அதற்குப் பின்னால் லெவாசா வீட்டு ஆட்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் கால் கட்டிய பன்றிகள் கிடந்தன. அவை மட்டும்தான் நிஜமாக வருந்தின.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தப்பு செய்த பக்கத்து ஆள் பாய்க்குள் மண்டியிட்டிருக்க, அடிபட்ட குடும்பத்தின் தலைவர் வந்து பாயை விலக்கினால் பகை தீர்ந்தது. கோர்ட்டும் அதைக் கேட்டுத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் உடனே விலக்கினால் மரியாதை இல்லை. கோபம் ஆறக் கொஞ்ச நேரம் வேண்டும். துயலாமு தூணில் சாய்ந்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, எந்தப் பன்றி கொழுத்தது என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி கோபத்தை ஆற்றிக்கொண்டிருந்தார். லெவாசா பக்கத்துப் பேச்சுக்காரர் தென்னைநார்க் கவரியைத் தோளில் போட்டு, தொண்டையைச் செருமித் தயாராக நின்றார்.

அப்போது ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

லோசா முற்றத்தில் இறங்கி, தட்டுத் தடுமாறி, பாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பாய்க்குள்ள யாரு?"

பாய் இருமிற்று. "நான்தாம்மா. லெவாசா."

"வண்டி ஓட்டினது நீங்களா பெரியவரே?"

"ஐயோ, எனக்கு ஓட்டவே தெரியாதும்மா."

"அப்புறம் நீங்க எதுக்கு இதுக்குள்ள வேர்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"வழக்கம்மா. குடும்பத்துல ஒருத்தன் தப்பு செஞ்சா தலைவன்தானே குனியணும்."

"செமீசி எங்க?"

பாய் நெளிந்தது. "வீட்ல தூங்குறான். பாவம், புள்ளைக்கு வெக்கமா இருக்கும்னு நாங்கதான் வர வேணாம்னோம்."

துயலாமு பாய்ந்து வந்தார். "லோசா! எழுந்து போ. நான் பாயை எடுக்கப் போறேன்."

"எடுக்காதீங்கண்ணே."

"என்ன?"

"எடுக்காதீங்கன்னு தங்கச்சி சொல்றேன். போன மாசம் கல்யாணத்துல பேசினீங்களே, கூடப் பொறந்தவ வார்த்தையைத் தட்டினா குலம் விளங்காதுன்னு? கண்ணுகூடக் கலங்குச்சு உங்களுக்கு. ஊரே கேட்டுச்சு."

ஊர் வேலியோரம் நின்று இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவி, "ஆமாமா, நானும் அழுதேன்" என்றாள்.

துயலாமுவின் கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பேச்சை அவர் எத்தனையோ சபையில் பேசிக் கைதட்டு வாங்கியவர். அதை ஒரு தங்கை நம்பிவிடுவாள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏத்தினவன் வரட்டும்" என்றாள் லோசா. "அதுவரைக்கும் நானும் இங்கதான்."

வெயில் ஏறியது. பாய்க்குள் முனகல் கேட்டது. லோசா இளநீர் ஒன்றைப் பாயின் அடியில் தள்ளிவிட்டாள். "குடிங்க பெரியவரே. உங்கமேல எனக்கு வருத்தமில்ல." சுருங்கிய கை ஒன்று வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு பாய் உரத்த குரலில் கத்திற்று: "போய் அந்த நாயை எழுப்பிக் கூட்டிட்டு வாங்கடா!"

செமீசி வந்தான். தூக்கம் கலையாத கண். லெவாசா ஒரு பக்கம் ஊர்ந்து வெளியேற, அவன் மறுபக்கம் நுழைந்து மண்டியிட்டான். லோசா தன் பக்கத்து ஓரத்தைத் தூக்கினாள். இருவர் முகமும் பாயின் நிழலில் நேருக்கு நேர் வந்தன.

"அன்னிக்கு நான் கூப்பிட்டேனே செமீசி. கேக்கலியா?"

அவன் பாயின் ஓரத்துச் சிறகை நெருடினான்.

"கேட்டுச்சு அத்தை" என்றான். "கேட்டுச்சு. ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். லோசாவும் அழுதாள். வேலியோரம் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இதைக் கோர்ட்லயும் நீதான் சொல்லணும். பெரியப்பா சொல்லக் கூடாது."

"சொல்றேன் அத்தை."

"என் கால் ஊனுற வரைக்கும் தோட்டத்து வேலை உன்னோடது. காலையில வந்ததும் என் முகத்தைப் பாத்துட்டுத்தான் களைக்கொட்டை எடுக்கணும்."

"சரி அத்தை."

அவளே பாயை விலக்கினாள்.

பேச்சுக்காரருக்குத்தான் தாங்கவில்லை. ஆதிகாலத்து முன்னோரிலிருந்து தொடங்கும் உரை ஒன்று அவரிடம் செலவாகாமல் மிஞ்சியிருந்தது. அதைப் பன்றிகளைப் பார்த்து முழுவதும் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை ஊர்ச்சபை கூடியது. தலைவர்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து, காவா வேரைக் கரைத்த சாறு குடித்து, ஆழ்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வண்டி ஏற்றிய செமீசிக்கு அபராதம் இல்லை, அந்த விவகாரம்தான் தீர்ந்துவிட்டதே. பெரியவர்கள் காரியத்தில் வாய்திறந்து வழக்கத்தைக் கெடுத்த லோசாவுக்கு ஒரு பெட்டி மீன் டப்பா அபராதம். அதோடு சபை முன்னால் முறைப்படி மன்னிப்பும் கேட்க வேண்டும்.

துயலாமு வந்து சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்ன திருப்தி இருந்தது.

"இப்பப் புரியுதா? வழக்கத்தோட விளையாடக் கூடாது."

"புரியுதுண்ணே" என்றாள் லோசா பணிவாக. "தப்புத்தான். மன்னிப்பு கேட்டே ஆகணும்."

"அப்படி வா வழிக்கு. நாளைக்கு விடியறதுக்குள்ள—"

"விடியறதுக்குள்ள போயிடுங்கண்ணே. பாயை எடுத்து வைக்கச் சொல்லவா?"

"நானா? நான் எதுக்குப் போகணும்?"

"குடும்பத்துல ஒருத்தி தப்பு செஞ்சா தலைவர்தானே குனியணும்? நானே போய் மறுபடியும் வழக்கத்தைக் கெடுக்கவா?"

செலினா அடுப்பங்கரையில் எதையோ கீழே போட்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் சபை வீட்டு முற்றத்தில் ஒரு மேடு இருந்தது, லெவாசாவைவிடப் பருமனான மேடு. சபை வீட்டுக்குள் இருந்த தலைவர்கள் வழக்கம் தெரிந்தவர்கள். உடனே பாயை விலக்கினால் மரியாதை இல்லை. எனவே காலைச் சாப்பாடு முடித்து, பைபிள் வாசித்து, கோபத்தை நிதானமாக ஆற்றிக்கொண்டார்கள். நடுவில் ஒரு மழையும் பெய்து ஓய்ந்தது.

தோட்டத்தில் செமீசி களைக்கொட்டை ஊன்றி நிமிர்ந்தான். வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த லோசாவைப் பார்த்தான்.

"அத்தை, ஊரே அங்க போயிருக்கு. நீங்க போய்ப் பாக்கலியா?"

"நான் எதுக்குடா?" என்றாள் அவள், ஈரப்பலாத் துண்டைத் தேங்காய்ப் பாலில் தோய்த்தபடி. "தப்பு செஞ்சவளுக்கு அங்க என்ன வேலை?"

போய்த் தூங்குங்கள், செல்லங்களே. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் எரியட்டும், பிள்ளைகள் கைகால் சுகத்தோடு இருக்கட்டும். உங்களை நோகடித்தவர் யாராக இருந்தாலும் தம் சொந்தக் காலால் நடந்து உங்கள் வாசலுக்கு வரட்டும்.