சிவப்பு அம்புக்குறி

அப்பாவின் இடது கன்னத்தை மழித்துவிட்டு, வலது கன்னத்துக்கு மகள் நுரை தடவிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வந்தவர் அப்பாவோடு கடலடியைத் துளையிடும் கப்பலில் வேலை பார்த்த ஆய்வாளர். டாக்டர் கைவிரித்து மூன்று நாளாகிறது. பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். இவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, அதே இடத்துக்குத் திரும்பப் போய்ப் பக்கத்துல இன்னொரு துளை போட்டோம். அந்த ஆழத்துல அங்கயும் தலைகீழாத்தான் இருக்கு. நீங்க போட்ட அம்புக்குறி சரி!"

கையோடு கொண்டுவந்திருந்த, அப்பா அன்று சிவப்பு அம்புக்குறி போட்ட அந்தப் பழைய கல்லை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

கடலடியில் பிளவு வழியே பொங்கி வரும் எரிமலைக் குழம்பு, ஆறிக் கல்லாகும்போது அன்றைய வடக்கு எதுவோ அதை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. அதைப் படிக்க வேண்டுமானால், வெட்டியெடுத்த துண்டில் எது மேல்பக்கம் என்று யாராவது அம்புக்குறி போட வேண்டும். முப்பது வருஷம் அது அப்பாவின் வேலை. ஒரே ஒரு துண்டுதான் மேலும் கீழும் இருந்த கற்களுக்கு நேரெதிராகக் காட்டிக் காலை வாரியது. கல் பொய் சொல்லாது, ஆள்தான் தப்பு என்று முடிவு கட்டினார்கள். அன்றிலிருந்து அவர் பெயரே 'தலைகீழ்'. மகளின் கல்யாணத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பாவும் சிரித்துவைத்தார், அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஆய்வாளர் போனதும், "மிச்சத்தையும் மழிச்சு விடும்மா. பாதி மூஞ்சியோட போனா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா.

மழித்து முடித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு இது கை நழுவிக் கீழ விழுந்து உருண்டுடுச்சு. எது மேலன்னு எனக்கே தெரியல."

"அப்புறம் எப்படிப்பா போட்டீங்க?"

"குத்துமதிப்பாத்தான். யாராவது கேட்டா, என் கையையா சந்தேகப்படுறீங்கன்னு கத்துவேன். இருபத்திரண்டு வருஷம் கத்தியிருக்கேன்." சிரித்ததில் இருமல் வந்தது. "வெளிய சொன்னே, பேயா வந்து பிடிச்சுக்குவேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு லேசான அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. மத்தியானம் இரண்டு மடக்கு டீ குடித்துவிட்டுத் தூங்கியவர், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாயங்காலம் கப்பல்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர் வாயிலும் 'தலைகீழ்' வரவில்லை.

"அண்ணன் கை என்னிக்கும் தப்பாதும்மா," என்று ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சார்," என்றாள் மகள்.

உள்ளே மருந்துச் சீட்டுகள் பறக்காமலிருக்க யாரோ அந்தக் கல்லைப் படுக்கவைத்திருந்தார்கள். அதன்மேல் காலையில் பட்ட நுரை காய்ந்திருந்தது. விரலால் துடைத்துவிட்டு, சிவப்பு அம்புக்குறி மேலே பார்க்கும்படி அதை நிமிர்த்தி வைத்தாள்.