பெட்டி பிரிக்காத பொம்மைகள்

தெருவில் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், தொழிற்சாலையை மூடியதும் பழைய ஃபேஷன் பொம்மைகளை வாங்கிச் சீர்செய்யத் தொடங்கினாள். ஒடுங்கிய இடுப்பும் நீண்ட கழுத்துமாக, எந்நேரமும் குதிகாலைத் தூக்கியே நிற்கும் பெண் பொம்மைகள். குழந்தைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்து முடி சிக்கடைந்து, கன்னத்தில் பேனாக் கிறுக்கலோடு, சில சமயம் ஒரு காலே இல்லாமல் வந்து சேரும். அவள் கழுவிச் சிக்கெடுப்பாள். தேவைப்பட்டால் தலையில் ஊசியால் புது முடி நடுவாள். முகத்துக்கு வர்ணம் தீட்டி, புது உடுப்புத் தைத்துப் போட்டு, சேகரிப்பவர்களுக்கு அனுப்பிவைப்பாள்.

பின்னறையில் வாஷிங் மெஷின்மேல் எப்போதும் நாலைந்து தலைகள் குச்சியில் செருகியபடி காய்ந்துகொண்டிருக்கும். அவள் கணவன் எலக்ட்ரீஷியன். துண்டை எடுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "இந்த வீட்ல என்னைக் குறை சொல்லாத பொம்பளைங்க இவங்க மட்டும்தான்" என்பான்.

அம்மா இறந்த பிறகு பேச்சை நிறுத்திவிட்ட அக்கா ஒருநாள் காலையில் போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"உன்னால ஒரு காரியம் ஆகணும். அப்பாவோட பொம்மைங்களை வந்து பாரு. என்ன தேறும்னு சொல்லு."

"எதுக்கு?"

"வீட்டைக் காலி பண்றேன். மாமா போனப்புறம் தனியா இருக்க வேணாம்னு பையன் கூப்பிடறான். அங்க ஷோகேஸ் வைக்க இடமில்ல."

அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும் ஒரு பொம்மை வாங்கி வருவார். முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டியில், கம்பியால் கட்டி நிறுத்திய பொம்மை. அம்மா அதைப் பிரிக்கவே விட்டதில்லை. "கை பட்டாக் கறுத்துடும்" என்று ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிடுவாள். இரண்டு பெண்களும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியிலிருந்தே விளையாடினார்கள். எது யாருடையது என்று வெளியிலிருந்தே சண்டையும் போட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே, தங்கையான டாக்டரம்மா பேசக்கூடத் தொடங்காத வயதில், ஏதோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் அப்பா இறந்துபோனார். உடம்பு வீட்டுக்கு வரவில்லை. அதன்பிறகு அந்த ஷோகேஸைத் துடைக்கும்போது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் துடைப்பாள்.

அம்மாவின் காரியங்கள் முடிந்த வாரத்தில் தங்கை ஒரே ஒரு பொம்மை கேட்டாள். அக்கா தரவில்லை. "உன் கையில குடுத்தா அக்கு வேற ஆணி வேறயாப் பிரிச்சுடுவே" என்றாள். அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் ஒரே ஊரிலேயே வேற்றாட்களாக இருந்தார்கள்.

அக்கா வீட்டுக் கூடத்தில் மேசை நாற்காலி எல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. ஷோகேஸ் மட்டும் ஜன்னலுக்கு எதிரே நின்றது. தங்கை சுற்றுமுற்றும் பார்த்தாள். "வெயில் நேரா அடிக்குமா?"

"சாயங்காலம் கொஞ்சம் அடிக்கும்."

ஷோகேஸ் கதவைத் திறந்ததுமே அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் வியர்க்கும்போது வருகிற இனிப்பும் புளிப்புமான வாடை. ஆனாலும் முதல் பெட்டியை எடுத்து, மேல்மடிப்பை மெல்ல விலக்கினாள். அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

முன்னால் இருந்து பார்த்தால் கொஞ்சம் வெளுத்த மாதிரிதான் தெரியும். வெளியே எடுத்ததும் கால் இரண்டும் விரலில் ஒட்டின. முதுகுப்பக்கத்து அட்டை எண்ணெய் ஊறிப் பழுப்பாகியிருந்தது. பித்தளைத் தோட்டு ஊசி களிம்பேறி, காதிலிருந்து கன்னம்வரை பச்சை படர்ந்திருந்தது. கொண்டையில் போட்ட ரப்பர் உருகி முடியோடு முடியாக இறுகியிருந்தது. சிவப்பு உடுப்பைக் கழற்றினால் சாயம் மார்பில் திட்டுத்திட்டாக இறங்கியிருந்தது. அடுத்த பெட்டியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"சொல்லேன்" என்றாள் அக்கா.

"தேறாதுக்கா."

"பெட்டியே பிரிக்கலையே!"

"அதனாலதான். இந்த பிளாஸ்டிக் நாளாக ஆக எண்ணெய் விடும். காத்தோட்டமா இருந்தா துடைச்சுக்கலாம். மூடி வச்சா அது போறதுக்கு வழியில்லாம அதுமேலயே ஊறும். குழந்தைங்க போட்டு அடிச்ச பொம்மைகூட இதைவிட நல்லா வருது."

"அப்ப, பத்திரமா வச்சதாலதான் கெட்டுப்போச்சுங்கறியா?"

"ஆமா."

அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு இப்ப வயிறு குளிர்ந்திருக்குமே."

தங்கை பொம்மையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். இரண்டாவது பெட்டியைத் திறந்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது உண்மைதான். மூன்றாவதில் அது அடங்கிவிட்டது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? கையைத் துடைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அக்கா நம்பவில்லை. பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்து, பழம்பொருள் வியாபாரி ஒருவரை வரவழைத்தாள். அவர் மரியாதையான மனிதர். உட்காரக்கூட இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, "பொம்மை வேணாம்மா. டப்பா மட்டும் எடுத்துக்கறேன்" என்றார்.

"டப்பாவா?"

"நல்ல பொம்மையா வச்சிருப்பாங்க, டப்பா இருக்காது. அவங்க தேடுவாங்க."

கறைபடாத பெட்டிகளைப் பொறுக்கி, மடித்து, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு அவர் கொடுத்ததை அக்கா வாங்கிக்கொண்டாளா என்பதை அவள் கடைசிவரை சொல்லவேயில்லை.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. அக்கா இறங்கினாள். படுக்கை விரிப்பில் மூட்டை கட்டி இடுப்பில் இடுக்கியிருந்தாள். "இந்தா. எதையாவது பண்ணு" என்று மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான். "வாங்க அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். மூட்டையைப் பார்த்தான். அன்று அவன் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தங்கை வேலையைத் தொடங்கினாள். சமையல் சோடாவைக் குழைத்து ஒட்டுகிற கால்களில் பூசினாள். பச்சைக் கறைக்கு முகப்பருக் களிம்பைத் தடவி, மாடியில் வெயிலில் வைத்தாள். உருகிய ரப்பரைச் சிறு கத்தரியால் துளித்துளியாக நறுக்கி எடுத்தாள். அக்கா டீ போடப் போனாள். இருவரும் அதிகம் பேசவில்லை. பேசாமல் இருந்தது பழையபடி கடினமாகவும் இல்லை.

மஞ்சள் முடிக்காரி ஒருத்தியின் முகம் ரொம்பவும் கெட்டிருந்தது. உதட்டுச் சாயம் கசிந்து மோவாய்வரை வந்திருந்தது. இந்த மாதிரி முகங்களுக்கு அவள் யோசிப்பதே இல்லை. பஞ்சில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை நனைத்து, வழக்கம்போல் இரண்டு இழுப்பு இழுத்தாள். கண், புருவம், வாய் எல்லாம் பஞ்சில் வந்துவிட்டன.

டீ டம்ளர்களோடு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி பண்ணே?"

"புதுசா வரையப்போறேன்க்கா. அந்த முகம் ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"அழிச்சுட்டியா!" டீ தளும்பிக் கையில் கொட்டியது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. "அப்பாவை அழிச்சுட்டியேடி!"

தங்கைக்குப் புரியவில்லை. டம்ளர்களை வாங்கி வைத்துவிட்டு, அக்காவின் கையைக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா சொன்னாள்.

"எனக்கு அப்பா முகம் ஞாபகம் இல்ல."

"ஆனா நீதானே சொல்லுவே? தோள்ல தூக்கிட்டுப் போனாரு, மீசை குத்தும், வந்ததும் உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாருன்னு..."

"எல்லாம் அம்மா சொன்னது. நான் பார்த்த மாதிரி உங்கிட்ட சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஒரு கைதான். சூட்கேஸைத் திறக்கும். உள்ள இருந்து டப்பாவோட இவ வருவா. கையைத் தாண்டி நான் நிமிர்ந்தே பாக்கல, இவளைத்தான் பாத்துட்டு இருந்தேன். அந்த நேரத்துல நான் பாத்த முகம் இவளோடது மட்டும்தான்."

"ஃபோட்டோ இருக்கே."

"அது யாரோ ஆபீஸ்ல வேலை பாக்கறவர் மாதிரி இருக்கு."

தங்கை குழாயை மூடினாள். அக்காவிடம் ஓர் அப்பா இருக்கிறார், தனக்கு மட்டும் இல்லை என்பதுதான் அவளுடைய நெடுநாள் மனத்தாங்கல். அந்த ஒரு பொம்மையை அவள் கேட்டதும் அதனால்தான். பங்கு கேட்டு முகம் முறித்துக்கொண்ட சொத்து அக்காவிடமும் இருந்ததில்லை என்று இப்போது தெரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்த மாதிரி கால் வலித்தது.

"சொல்லு, எப்படி இருந்தா? அப்படியே வரைஞ்சுடறேன்" என்றாள்.

மிக மெல்லிய தூரிகையை எடுத்தாள். புருவம் இன்னும் மேலே இருந்தது என்றாள் அக்கா. இல்லை, கீழேதான் என்றாள் தங்கை, அவளும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவள்தானே. கண் இடப்பக்கம் பார்க்குமா, நேராகவா? வாய் மூடியிருந்ததா, பல் தெரிந்ததா? ஒவ்வொரு முறை வரைந்ததும் அக்கா தலையை ஆட்டினாள். ஒவ்வொரு முறையும் பஞ்சு. இருட்டத் தொடங்கும்போது அக்கா, "விடு" என்றாள். "நீ வரைய வரைய, இருந்ததும் எனக்கு மறந்துபோகுது."

மற்ற பொம்மைகளின் முகத்தில் தங்கை கை வைக்கவில்லை. கறையை மட்டும் எடுத்து, முடியை வெந்நீரில் அலசிச் சீவி, உடுப்புகளைத் துவைத்துப் போட்டாள். வெளுத்த முகங்கள் வெளுத்தபடியே இருந்தன. அக்கா மூன்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு மகன் வீட்டுக்குக் குடிபோனாள். மீதியை, "உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டாள்.

சில மாதங்கள் கழித்துத் தங்கை பார்க்கப் போனாள். அந்த மூன்றும் கண்ணில் படவில்லை. மருமகளுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன் என்றாள் அக்கா. "திறந்தாவது வையேன்க்கா" என்று சொல்ல வாயெடுத்தவள், அந்தச் சிறிய அறையையும், கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

மீதிப் பொம்மைகளுக்குக் கடைசியில் புது முகம் வரைந்தாள், முடியைக் குட்டையாக வெட்டினாள், மழைக்கோட்டும் காற்சட்டையும் தைத்துப் போட்டாள். நன்றாகவே வந்தன. ஒரு நர்ஸ் இரண்டை எடுத்துக்கொண்டாள். மற்றவை தபாலில் எங்கெங்கோ போயின. அப்பா எதை எங்கே வாங்கினார் என்று வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

அக்கா இப்போது அடிக்கடி போன் செய்கிறாள். பேச இருவருக்கும் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

"என்ன பண்றே?"

"முடி அலசிட்டு இருக்கேன்."

"யாரோடது?"

"யாரோடதோ. நேத்துதான் வந்துச்சு."

"சரி, பாத்துப் பண்ணு" என்பாள் அக்கா. ஆனால் உடனே வைக்கமாட்டாள். தங்கை போனைத் தோளில் இடுக்கியபடி, இங்கே தண்ணீர் விழுகிற சத்தத்தை அவள் கேட்கட்டும் என்று வேலையைத் தொடர்வாள்.